சாயங்கால மாத்திரை

முருகன் துணை

திருத்தணி,
6.5.2024

பிரியமுள்ள சம்பந்தியம்மா ஜெயம்மாளுக்கு ரத்தினம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் தம்பி துளசிங்கமும் சுகமாக இருக்க மலைமேல் இருப்பவனைக் கேட்டுக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் மகள் சுதா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் பேசுவதை என் மகன் டில்லிபாபு கேட்கிறான், சுதா கேட்கிறாள், மாடி வீட்டு பங்காரு கேட்கிறாள். சம்பந்தியோடு எனக்குத் தனியாகப் பேச ஒன்றும் இருக்காதா? ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள் என்றாலும் எழுத்து என் கையை விட்டுப் போகவில்லை. லுங்கிக் கட்டுகளைக் கடைக்குப் போட துளசிங்கம் வாராவாரம் இங்கே வருகிறாரே, அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். சோற்றை வைத்து ஒட்டியிருக்கிறேன். பிரிந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

நம் பேத்தி கவிப்பிரியா பிறந்து ஒன்பது வருஷத்தில் என்னை விட்டு வேறு வீட்டில் தங்குவது இதுதான் முதல் முறை. அழுதாளா? மறைக்காமல் எழுதுங்கள். அழுதால் உடனே அனுப்பிவிடுங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் அவளுக்குத் தூக்கம் வராது. என் பழைய புடவை ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன், ராத்திரி அதைக் கொடுங்கள்.

மாத்திரை விஷயம் சுதா சொல்லியிருப்பாள், இருந்தாலும் நானும் சொல்கிறேன். காலையில் போடுவது கவனத்துக்கு. போன தீபாவளிக்குப் பிறகு சென்னை டாக்டரம்மா கொடுத்தார்கள். அதில் கை கால் ஆட்டம் நின்றது, பென்சில் தொலைப்பது நின்றது, டீச்சர் புகாரும் நின்றது. ஆனால் பயம் நிற்கவில்லை. தினமும் காலையில் வயிற்று வலி, "ஆயா, நான் ஸ்கூலுக்குப் போனா நீ செத்துட மாட்டல்ல?" என்று நூறு முறை கேள்வி. அதனால் பொங்கலுக்குப் பிறகு சாயங்காலம் போட இன்னொரு சின்ன மாத்திரை. சுதா அரக்கோணத்து வேலையிலிருந்து ரயிலில் வர நேரமாகும் என்பதால் சாயங்கால மாத்திரை என் பொறுப்பு. ஒரு நாளும் மறந்ததில்லை.

மத்தியானம் அவள் சாப்பிட மாட்டாள். என் கையால் வைத்த கத்திரிக்காய்க் குழம்பையே தள்ளி வைக்கிறவள். அங்கே சாப்பிடவில்லையே என்று நீங்கள் மனம் நோக வேண்டாம்.

இப்படிக்கு,
ரத்தினம்மாள்


பள்ளிப்பட்டு,
10.5.2024

அன்புள்ள ரத்தினம்மா அண்ணிக்கு ஜெயம்மாள் வணக்கம்.

கடிதம் ஒட்டியது ஒட்டியபடியே வந்தது. துளசிங்கம்தான் கேட்டான், "என்னக்கா, ரெண்டு பேரும் லவ் லெட்டரா எழுதிக்கிறீங்க?" என்று.

அண்ணி, கவி அழவில்லை. முதல் ராத்திரி உங்கள் புடவையை எடுத்து மடியில் வைத்திருந்தாள். அப்புறம் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். "வேணும்னா கேக்கறேன்" என்று சொன்னாள், கேட்கவில்லை. தறிச் சத்தத்திலேயே தூங்கிவிடுகிறாள்.

பயத்துக்குப் பெயர் வைத்திருக்கிறாள், தெரியுமா? டாக்டரம்மாவிடம் இருந்துகொண்டு, பேசிப் பேசியே பயத்தைக் குறைக்கப் பயிற்சி கொடுக்கும் பெண் சொல்லித் தந்ததாம். மேஸ்திரி என்று பெயர். நேற்று தெருமுனைக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கத் தனியாக அனுப்பினேன். வாசலில் நின்று, "மேஸ்திரி, இன்னிக்கு வேல இல்ல, போய்ட்டு நாளைக்கு வா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனாள். எதிர்வீட்டுக்கு நிஜமாகவே மேஸ்திரி வந்திருந்தார். பாவம், அவர் திகைத்துப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி வருத்தப்படாதீர்கள். காலை மாத்திரை பசியைக் குறைக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை சுதா சொன்னாள். அதனால் மாத்திரைக்கு முன்பே தோசை ஊற்றித் தருகிறேன், வயிறு நிறைய சாப்பிடுகிறாள். சாயங்காலம் பசி திரும்பியதும் மறுபடி ஒரு முறை. உங்கள் குழம்பின் மேல் குற்றம் இல்லை.

அன்புடன்,
ஜெயம்மாள்


முருகன் துணை

திருத்தணி,
20.6.2024

சம்பந்தியம்மாவுக்கு ரத்தினம்மாள் எழுதிக்கொண்டது.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. உங்கள் பேத்தி நன்றாக இருக்கிறாள். உங்கள் பேத்தி என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பங்காரு சொல்கிறாள், "பள்ளிப்பட்டு போய் வந்ததுல இருந்து பொண்ணு தெளிஞ்சி இருக்குது, ஜெயம்மா கைராசி." என் மகன் சொல்கிறான், "அத்த எப்டியோ பழக்கிட்டாங்கம்மா." ஒன்பது வருஷம் நான் என்ன மண்ணையா பழக்கினேன்?

காலையில் மாத்திரைக்கு முன்னால் தோசை கேட்கிறாள். "பள்ளிப்பட்டு ஆயா மாதிரி ஓரம் மொறுமொறுனு ஊத்து" என்கிறாள். என் கல்லில் மொறுமொறு வராதாம்! பள்ளிக்கூடத்துக்கு அல்தாஃப் ஆட்டோவில் ஏறும்போது முன்பெல்லாம் என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டும். அல்தாஃபே, "ஆயா, நீங்களும் ஏறிக்கிங்க, ஸ்கூல்ல சேத்துடறேன்" என்று கிண்டல் பண்ணுவான். இப்போது டாட்டா காட்டிவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொள்கிறாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன செவ்வாய்க்கிழமை பாயைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னல் ஓரம் போட்டாள். "ஆயா, எனக்கு இங்க காத்து வருது, இனிமே நான் தனியா படுத்துக்கறேன்" என்றாள். சுதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்கிறாள். என் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கும் இடம் காலியாகக் கிடக்கிறது, அதை யாரிடம் போன் பண்ணிச் சொல்வது?

அந்த வீட்டில் என்ன மந்திரம் போட்டீர்களோ எனக்குத் தெரியாது. நான் முருகனிடம் போகிறேன். இந்த ஆடிக் கிருத்திகைக்கு நான் பூக்காவடி எடுக்கப் போகிறேன், கவியும் என்னோடு மாலை போட்டுக்கொண்டு விரதம் இருப்பாள். அவளைத் தெளிய வைத்தது யார் என்று ஊருக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
ரத்தினம்மாள்


பள்ளிப்பட்டு,
27.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

என் வீட்டில் மந்திரம் எதுவும் இல்லை, ஓரம் உடைந்த ஒரு தோசைக்கல்தான் இருக்கிறது. வேண்டுமானால் துளசிங்கத்திடம் கொடுத்தனுப்புகிறேன்.

மாலை போடுங்கள், நல்லதுதான். ஒன்று மட்டும். விரதம் என்று பிள்ளையைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். காலையில் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும். கிருத்திகைக் கூட்டமும் உங்களுக்குத் தெரியாததில்லை.

ஜெயம்மாள்


முருகன் துணை

திருத்தணி,
14.7.2024

சம்பந்தியம்மாவுக்கு ரத்தினம்மாள் சந்தோஷமாக எழுதிக்கொண்டது.

என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள். இதை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இருவரும் மாலை போட்டுக்கொண்டோம். மஞ்சள் பாவாடையில் அவளைப் பார்க்க வேண்டுமே, வள்ளியம்மையே வந்தது போல இருந்தது. பட்டினியெல்லாம் போடவில்லை, பயப்படாதீர்கள். காலையில் தோசை, கவன மாத்திரை, எல்லாம் சுதா கையாலேயே நடக்கிறது. சாயங்காலம் மட்டும் விளக்கேற்றி, மலைக்கோயில் விபூதியைத் தண்ணீரில் கலந்து என் கையால் கொடுக்கிறேன்.

அதன் பலனைக் கேளுங்கள். பாய் ஜன்னல் ஓரத்திலிருந்து என் பக்கத்துக்கு வந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை, அவளாக இழுத்துக்கொண்டு வந்தாள். முந்தானையை விரலில் மூன்று சுற்று சுற்றிக்கொள்கிறாள். நான் கொல்லைப்பக்கம் போனால்கூட, "ஆயா, எங்க கீற, குரல் குடு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். போன வாரம் வயிற்று வலி என்று இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் என் மடியிலேயே கிடந்தாள். தலை சுற்றுகிறது என்றாள், விரத உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று சுக்குக் காபி கொடுத்தேன். சுதாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நல்லாத்தானே இருந்தா, என்ன ஆச்சினு தெரியலையே அத்தை" என்று டாக்டரம்மாவிடம் முன்கூட்டியே தேதி கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னேன், "ஒண்ணும் ஆவல, அவ ஆயாவ தேடறா."

உங்கள் தோசையைப் பற்றி இப்போது பேச்சே இல்லை. தகவலுக்காக எழுதினேன்.

இப்படிக்கு,
கவிப்பிரியாவின் ஆயா
ரத்தினம்மாள்


பள்ளிப்பட்டு,
18.7.2024

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனையோ முறை படித்துவிட்டேன். ஒரே ஒரு கேள்விதான். சாயங்கால மாத்திரையைக் கொடுக்கிறீர்களா?

கோபப்படும் முன் இதையும் படியுங்கள். கவி பிறந்ததிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் அவளை இங்கே கூட்டி வருவேன். விளக்கு வைத்ததும் உதடு நடுங்க ஆரம்பிக்கும். "திருத்தணி ஆயாகிட்ட போகணும்" என்று வாந்தி எடுக்கும் வரை அழுவாள். கடைசி பஸ்ஸில் ஏற்றி உங்களிடம் கொண்டு வந்து விடுவேன். நீங்கள் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நிற்பீர்கள், "சொன்னேனே, என்ன விட்டு இருக்க மாட்டானு." திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து நான் உங்களைத் திட்டாத திட்டு இல்லை. எனக்கு மட்டும் ஏன் அந்தப் பாசம் இல்லை என்று வயிறு எரிந்திருக்கிறது. மகளைப் பெற்றுக் கொடுத்துவிட்டுப் பேத்தியை எட்ட நின்று பார்க்கிறவளுக்குத்தான் அது தெரியும்.

இந்த மே மாதம் அவள் என் வீட்டில் சிரித்துக்கொண்டு இருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அத்தனை வருஷமும் அந்தப் பிள்ளை பயத்தில் அழுதிருக்கிறாள். நாம் இருவரும் அது யார் மேல் பாசம் என்று சண்டை போட்டிருக்கிறோம்.

மாத்திரையைக் கொடுக்கிறீர்களா, அண்ணி?

ஜெயம்மாள்


திருத்தணி,
21.7.2024

ஜெயம்மாளுக்கு,

மாத்திரை என் வீட்டு விஷயம். மாலை போட்ட பிள்ளைக்கு முருகனுக்கு மேல் மருந்து தேவையில்லை. என் பேத்திக்கு என் மேல் இருப்பது பாசமா, வேறு ஒன்றா என்று எட்டாவது படித்தவர்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

இனிமேல் எழுத வேண்டாம்.

ரத்தினம்மாள்


முருகன் துணை

திருத்தணி,
31.7.2024

சம்பந்தியம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னவள் நானே எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை கிருத்திகை. நம் ஜில்லாவுக்கு மட்டும்தான் லீவு, அரக்கோணத்தில் சுதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சரவணப் பொய்கையில் குளித்து நான் காவடியைத் தோளில் ஏற்றினேன். டில்லிபாபு பால்குடத்தோடு முன்னால் போய்விட்டான், கூட்டத்தில் அவன் தலைகூடத் தெரியவில்லை. கவி என் இடுப்புக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

காவடியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். நான் யோசிக்காமல் விட்டது அதைத்தான். படியில் பாதி தூரம் வந்ததும் பம்பைச் சத்தம், மேலே அரோகரா, கீழே அரோகரா, பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். கவி என் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஆயா, கைய குடு, கைய குடு" என்றாள். என்னிடம் கொடுக்கக் கை இல்லை. "எழுந்திருடி, முருகா முருகானு சொல்லு" என்றேன். அவளுக்கு மூச்சு வாங்குகிறது, முகம் வெளுத்துப் போனது, உடம்பெல்லாம் உதறல். "நான் செத்துடுவேன் ஆயா, மேஸ்திரி போவ மாட்டேங்கறான், நான் சொன்னாகூட போவ மாட்டேங்கறான்" என்று கத்தினாள்.

காவடியை இறக்கினேன். பாதிப் படியில் காவடியை இறக்கிய பெண் எங்கள் வம்சத்தில் யாரும் இல்லை. அவளை வாரி எடுத்து ஓரமாகக் கைப்பிடிச் சுவரோடு உட்கார்ந்தேன். போலீஸ்காரப் பெண் ஒருத்தி தண்ணீர் கொடுத்து, எங்களைக் கீழே இறக்கி விட்டாள்.

அல்தாஃப் ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது கொஞ்சம் அடங்கினாள். அப்போது சொன்னாள்: "ஆயா, அந்தச் சின்ன மாத்திரைய இனிமே குடுப்பியா?"

"ஏண்டி, குடுக்கலனு தெரிஞ்சா அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று கேட்டேன். என் வாயால் கேட்டேன், பாருங்கள்.

"நான் உன் முந்தானைய புடிச்சிகினா நீ சிரிக்கிற. அதான் சொல்லல" என்றாள்.

ஜெயம்மா, மாலை போட்ட நாளிலிருந்து நான் அதைக் கொடுக்கவில்லை. சுதா பார்த்தால் சந்தேகம் வரக்கூடாது என்று தினமும் அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கிச் சாக்கடையில் போட்டேன். அவள் பயத்தைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன், அது பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

கூட்ட நெரிசலில் பயந்துவிட்டாள் என்று டில்லிபாபுவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இன்று சாயங்காலத்திலிருந்து மாத்திரையைக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் சரியாகிவிடும் அல்லவா? உடனே எழுதுங்கள்.

ரத்தினம்மாள்


பள்ளிப்பட்டு,
31.7.2024, மதியம்

அண்ணிக்கு,

துளசிங்கத்தை இதே பஸ்ஸில் திருப்பி அனுப்புகிறேன்.

சரியாகாது. நீங்களாகக் கொடுக்காதீர்கள். திடீரென்று நிறுத்தியதே தப்பு, அதனால்தான் தலை சுற்றல் எல்லாம் வந்திருக்கும். விட்டுப்போன மருந்தை எந்த அளவில் மறுபடி தொடங்க வேண்டும் என்று டாக்டரம்மாதான் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிய வேண்டுமானால் சுதாவுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் மருந்து கேட்கவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள். பிள்ளை உடம்பு, அண்ணி.

நான் சுதாவுக்குப் போன் பண்ணிச் சொல்லலாம். போனில் அவள் நம்பரை எடுத்தும் வைத்தேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிடுவாள் என்று தோன்றியதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துப் பயந்து போனை வைத்துவிட்டேன்.

இன்றே நீங்கள் சொல்லுங்கள். நாளைக் காலை வரை பார்ப்பேன். அதற்குள் சுதா என்னோடு பேசவில்லை என்றால் நான் பேசுவேன்.

காவடியை இறக்கியதற்கு முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். சுதா கோபித்துக்கொள்வாள். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெயம்மாள்


முருகன் துணை

திருத்தணி,
27.9.2024

சம்பந்தியம்மாவுக்கு ரத்தினம்மாள் எழுதிக்கொண்டது.

இந்தக் கடிதத்தைத் துளசிங்கத்தோடு கவியே கொண்டு வருகிறாள். காலாண்டு லீவு முழுவதும் உங்களிடம்தான். யாரும் சொல்லி நான் அனுப்பவில்லை. என்னை விட்டு இருப்பது அவளுக்கு ஒரு பயிற்சி என்று டாக்டரம்மா சொன்னார்கள், சரி என்று நானே சொன்னேன்.

அன்றைக்கு ராத்திரி நானே சுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது நடந்ததை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "உங்க கைல குடுத்தா எனக்கு நிம்மதினுதான் அத்தை குடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான். மாத்திரை டப்பாவை எடுத்துத் தன் பீரோவில் வைத்தாள். இப்போது அவள் ரயில் இறங்கி வந்து எவ்வளவு நேரமானாலும் அவள்தான் கொடுக்கிறாள். டில்லிபாபு ரொம்ப நாள் என் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவில்லை. இப்போது "கொழம்பு ஊத்து" என்கிற அளவுக்கு வந்திருக்கிறான்.

டாக்டரம்மா குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்ல பழைய அளவுக்குக் கொண்டு வந்தார்கள். என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். திட்டுவார்கள் என்று போனேன். திட்டவில்லை, எனக்கும் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அவள் என்னை விட்டுப் போகும்போது நான் முகத்தைத் தொங்கப் போடக் கூடாதாம். வாசலில் நின்று கை காட்ட வேண்டுமாம். அறுபத்தைந்து வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

பயிற்சி சரியாகத்தான் செய்கிறேன். பாய் மறுபடி ஜன்னல் ஓரம் போய்விட்டது. "நல்ல காத்து வருது இல்ல?" என்று கேட்டேன்.

பையில் என் புடவையை வைக்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் எழுதிவிட்டு ஒன்றை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. உங்கள் மேல் எனக்கு இன்னும் பொறாமைதான். அது போகவில்லை, அதற்கு மாத்திரை இருந்தால் சொல்லுங்கள். அவள் என்னைத் தேடி ஒரு நாளாவது அழுதால் துளசிங்கத்திடம் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அழவில்லை என்றால் எழுத வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
ரத்தினம்மாள்


திருத்தணி,
4.10.2024

ஜெயம்மாவுக்கு,

துளசிங்கம் வந்தார். மூட்டையை இறக்கினார், காபி குடித்தார், ஊர்க் கதையெல்லாம் பேசினார். கடிதம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "இல்லீங்களே" என்றார். சட்டைப் பையைப் பார்க்கச் சொன்னேன். அதிலும் இல்லை.

அவர் போகும்போது வாசல் வரை வந்து கை காட்டினேன்.

ரத்தினம்மாள்